டெர்பி நாளில் கேலரியைப் பார்க்கத் தெரிய வேண்டும்

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன் ஆட்டம் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அடிதடி நடக்கும் என்கிறார்களே, போகலாமா?" ஒரே ஊரின் இரண்டு கால்பந்து அணிகள் மோதும் அந்த ஆட்டத்தைத்தான் டெர்பி என்கிறோம். தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்கிறேன். இந்த நாட்டில் விளையாட்டு பார்ப்பதற்கு அதைவிட உயிர்த்துடிப்பான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்குப் போகிறவருக்குப் பந்தைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கேலரியையும் பார்க்கத் தெரிய வேண்டும். கலவரம் திடீரென்று வெடித்தது என்று மறுநாள் செய்தியில் வரும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரமாகவே ஏதோ சரியில்லை என்று தோன்றியதாகச் சொல்வார்கள்.

நான் வங்கி வேலையில் மாற்றலாகி வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறியவள். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி அது. காலையில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கலாம், மாலையில் தெருமுனைத் தேநீர்க் கடையில் கால்பந்துச் சண்டை கேட்கலாம். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருடைய பூர்வீகம் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் பரிசால். அவர் ஈஸ்ட் பெங்கால். கீழ்த்தளத்துக் குடும்பம் வட கொல்கத்தாவிலிருந்து வந்தது. அவர்கள் மோகன் பாகன். இந்த இரண்டு வீட்டுப் பேச்சுக்கும் நடுவில் மாடிப்படி ஏறி இறங்கியே நான் கால்பந்து கற்றுக்கொண்டேன். ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் அணி என்பதால் மனம் ஈஸ்ட் பெங்கால் பக்கம் போய்விட்டது. சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த அந்தச் சட்டை என் அலமாரியில் இன்றும் இருக்கிறது.

இந்தப் பகையின் வேர் தெரியாமல் கேலரிக்குள் போனால் எதுவும் புரியாது. மோகன் பாகன் 1889-இல் தொடங்கிய மன்றம். 1911-இல் ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்று வென்று, வெள்ளையரை அவர்கள் ஆட்டத்திலேயே வீழ்த்த முடியும் என்று காட்டியது. அந்த அணியில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் பிறந்தது. மோகன் பாகனுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபாகான் அணி சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஒதுக்கியது. அதைப் பொறுக்காத ஜோராபாகான் நிர்வாகி சுரேஷ் சந்திர சௌதுரி அந்த மன்றத்திலிருந்து விலகி, நண்பர்களோடு புதிய மன்றம் கண்டார். கிழக்கு வங்காளத்து மக்களுக்கு இந்த நகரத்தில் மரியாதை வேண்டும் என்ற ஏக்கம் அப்போதே அதில் இருந்தது. 1947-இல் நாடு பிரிந்து, வீட்டையும் வயலையும் விட்டு லட்சக்கணக்கானோர் வந்து சேர்ந்தபோது அந்த மன்றம் அவர்களுக்கு இழந்த ஊராகவே ஆகிவிட்டது. மேற்கு வங்காளத்துப் பூர்வீகக்காரர்கள் கோட்டி, கிழக்கிலிருந்து வந்தவர்கள் பாங்கால். முன்னவர்களுக்கு இறால், பின்னவர்களுக்கு இலிஷ் மீன். டெர்பி முடிந்த மறுநாள் மீன் கடைக்குப் போனாலே யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

மீனை வைத்துக் கேலி செய்யும்வரை எல்லாம் அழகுதான். 1975 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்ததை நினைவூட்ட, இன்றும் ஐந்து விரலைக் காட்டுகிறார்கள். அதிலும் தவறில்லை. ஆனால் "முள்வேலி" என்று ஒரு வசவு இருக்கிறது. வேலியைத் தாண்டி வந்தவர்கள் என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைப் பார்த்துச் சொல்வது. பாட்டி ஒருத்தி இரவோடு இரவாக எல்லை கடந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்த பேரனிடம் அதைச் சொன்னால் அவன் கோல் கணக்கை மறந்துவிடுவான். குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாடே கொதித்துக்கொண்டிருந்த 2020 ஜனவரி டெர்பியில், "ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல" என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பெரிய பதாகை ஒன்றை விரித்தார்கள். வசவுக்கு அத்தனை நாகரிகமாகப் பதில் சொல்ல முடியும் என்பதை அன்று பார்த்தேன். என் பெரிய அளவுகோலும் அதிலிருந்து வந்ததுதான். கேலரியில் பேச்சு ஆட்டத்தை விட்டு, மீனையும் விட்டு, பிறப்பையும் பூர்வீகத்தையும் வீட்டுப் பெண்களையும் தொடத் தொடங்கினால், அடுத்து வருவது கையோ கல்லோதான்.

1980 ஆகஸ்ட் 16 பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்று டெர்பி நடக்கும் சால்ட் லேக் மைதானம் அப்போது கிடையாது. கொல்கத்தா லீக் டெர்பி ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. களத்தில் மோகன் பாகனின் விதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோதிக்கொண்டார்கள். மேலே கேலரியில் இரு தரப்பு ரசிகர்களும் பிரிக்கப்படாமல் கலந்தே உட்கார்ந்திருந்தார்கள். கைகலப்பு, ஓட்டம், நெரிசல். பதினாறு பேர் திரும்பி வரவில்லை. என் அலுவலகத்தில் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒருவர் அன்று அங்கே கல்லூரி மாணவராக இருந்திருக்கிறார். அவர் சண்டையைப் பற்றி அதிகம் பேசியதில்லை, படிக்கட்டைப் பற்றித்தான் பேசுவார். "அடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அடிக்குப் பயந்து ஓடியவர்களின் எடைதான் கொன்றது" என்று ஒருமுறை சொன்னார். இந்த நகரில் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர்கள் தினமாக நினைவுகூர்ந்து ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். இரு அணிச் சட்டைக்காரர்களும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து ரத்தம் கொடுப்பதை அங்கே பார்க்கலாம்.

நான் நேரில் பார்த்தது 2012 டிசம்பர் 9. ஐ-லீக் என்ற தேசிய லீக் ஆட்டம், சால்ட் லேக் மைதானம். 2017 ஜூனியர் உலகக் கோப்பைக்காகப் புதுப்பிப்பதற்கு முந்தைய மைதானம் அது. சிமெண்ட் படியில் செய்தித்தாளை விரித்து உட்கார்வோம். என்னுடன் கணவரும் அலுவலகத்து இளைஞர்கள் சிலரும் வந்திருந்தார்கள். முதல் இருபது நிமிடம் பாட்டும் முரசும் மட்டும்தான். பிறகு எங்களுக்கு நாலு வரிசை கீழே இருந்த ஒரு கூட்டம் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. பாடுவதை நிறுத்திவிட்டு ஒருவர் காதில் ஒருவர் ஏதோ பேசினார்கள். தண்ணீர் குடித்த பாட்டில்களைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் கைக்குட்டையை விரித்து, அதில் ஒரு கல்லை வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டான். பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்கும். விரல்கள் நடுங்கின. அது கோபமா பயமா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

இடைவேளைக்குச் சற்று முன் ஈஸ்ட் பெங்கால் கோல் அடித்தது. நடுவரிடம் வாதம் செய்த மோகன் பாகன் அணித்தலைவர் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை. உடனே கற்கள் பறக்கத் தொடங்கின. களத்தில் இருந்த சையத் ரஹீம் நபியின் முகத்தில் ஒரு கல் பட்டது. கன்ன எலும்பு உடைந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கல் வந்தது எந்தக் கேலரியிலிருந்து என்று நாங்கள் அன்று பார்க்கவில்லை, ஆனால் காயப்பட்டவர் மோகன் பாகன் ஆட்டக்காரர். ஒரு கல்லுக்கு அணியின் நிறம் தெரியாது. இடைவேளைக்குப் பின் மோகன் பாகன் களம் இறங்க மறுத்தது, ஆட்டம் அத்தோடு நின்றது. அந்த மன்றத்துக்கு முதலில் தடை விதித்தார்கள். பிறகு தடையை விலக்கி, 2 கோடி ரூபாய் அபராதம் போட்டு, அதுவரை எடுத்த புள்ளிகளையும் பறித்தார்கள்.

அன்று எனக்குப் பாடமாக அமைந்தது அதற்குப் பிறகு கேலரியில் நடந்ததுதான். தடியடி தொடங்கியதும், அதுவரை எதிலும் சேராமல் கடலை கொறித்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர்கள்கூட எழுந்து கத்தத் தொடங்கினார்கள். அடி யாருக்கு என்று பார்க்காமல் விழும்போது, கல் எறிந்தவனும் எறியாதவனும் ஒரே கட்சியாகிவிடுகிறார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியவர், முகம் தெரியாதவர், "தீதி (அக்கா), கீழே இறங்காதீர்கள். மேலே ஏறுங்கள், சுவரோரம் போய் நில்லுங்கள்" என்றார். எல்லாரும் கீழே வாசலை நோக்கி ஓடும்போது மேலே ஏறுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. ஏறினோம். மேலே காலியாக இருந்தது, மூச்சு விட இடம் இருந்தது. கீழே படிக்கட்டு அடங்கும்வரை அங்கேயே நின்றோம்.

அதற்குப் பிறகும் டெர்பிக்குப் போவதை நான் விடவில்லை. போகும் விதம்தான் மாறியது.

டிக்கெட் எடுக்கும்போதே நம் அணிக்குரிய பகுதியில் எடுத்துவிடுகிறேன். அடுத்த அணியின் பகுதியில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் அணி கோல் அடிக்கும்போது முகத்தை யாராலும் பூட்டி வைக்க முடியாது. வரிசையின் நடு இருக்கை ஆட்டம் பார்க்க நல்லது, ஆனால் ஓர இருக்கைதான் வெளியேற நல்லது. கீழ் வேலியை ஒட்டிய வரிசைகளையும் படிக்கட்டு வாயை ஒட்டிய இடத்தையும் தவிர்க்கிறேன். நெரிசல் வந்தால் அழுத்தம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு வழிகளைப் பார்த்து வைத்துக்கொள்வேன், ஒன்று வந்த வழி, இன்னொன்று வராத வழி. கூட்டம் எப்போதும் வந்த வழியிலேயே திரும்ப ஓடும். உடன் வந்தவர்கள் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்றும் அப்போதே பேசிவிடுவோம். கூட்டம் நெருக்கும்போது அலைபேசி பல நேரம் இணைப்பே கொடுக்காது.

அணிச் சட்டையை வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு கிளம்புவதில்லை. சால்ட் லேக் ஸ்டேடியம் மெட்ரோ நிலையம் 2020-இல் திறந்த பிறகு இரு அணி ரசிகர்களும் ஒரே நடைமேடையில்தான் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பாட்டோடும் கேலியோடும் போய்விடும். இருந்தாலும் மேலே சாதாரணச் சட்டை, உள்ளே வாசலைத் தாண்டியதும் நம் நிறம். திரும்பும்போதும் அப்படியே. இதைக் கோழைத்தனம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். கொடியைச் சுற்றிக்கொண்டு மாட்டடார் வேனில் தொங்கியபடி பைபாஸ் சாலையில் போவதுதான் வீரம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரிய மோதல்கள் பல மைதானத்துக்குள் நடப்பதில்லை. சிக்னலில் நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவேதான் நடக்கின்றன. நம் அணி ஜெயித்த நாளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தோற்றவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான், அவனை நிறுத்தி வைத்து ஆடுகிறவன்தான் அடியைத் தொடங்கி வைக்கிறான்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்திருக்காதீர்கள். எங்கள் வழக்கம், கொண்டுபோன சப்பாத்தியை அப்போதுதான் பிரிப்பது. முதல் கால் மணி நேரத்தில் படிக்கட்டு பிதுங்கி வழியும், அரை மணி கழித்து நிதானமாக நடந்து போகலாம். கிளம்பினால் ஆட்டம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். நடுவில் கிளம்புவதுதான் ஆபத்து.

ஒருவேளை நெரிசலில் மாட்டிக்கொண்டால் முதலில் காக்க வேண்டியது மூச்சு. இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள், விலா அசைய இடம் வேண்டும். கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளினால் தளர்ந்துபோவீர்கள். அது போகிற போக்கிலேயே போய், தள்ளு சற்று ஓயும் நொடியில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். ஆனால் சுவரோடும் கம்பி வேலியோடும் ஒட்டி நசுங்கிவிடக் கூடாது. செருப்பு கழன்றாலும் அலைபேசி விழுந்தாலும் குனியவே கூடாது. விழுந்துவிட்டால் உடனே எழ வேண்டும். எழ முடியாவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணீர்ப் புகை வந்தால் கண்ணைக் கசக்காமல், காற்று வரும் திசையை நோக்கி விலகி, சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் அன்று கண்ணாடியோடு போவது நல்லது. அடிதடியைப் படம் எடுக்காதீர்கள். படம் எடுக்கிறவர் சண்டைக்காரர் கண்ணுக்குச் சாட்சி, காவலர் கண்ணுக்குக் கும்பலில் ஒருவர்.

எதிரணி ரசிகர்களை மொத்தமாகத் தடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று ஒரு வாதம் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் எழுகிறது. இந்தோனேசியாவின் காஞ்சுருஹான் மைதானத்தில் 2022 அக்டோபர் 1 அன்று 135 பேர் இறந்தார்கள். அன்று எதிரணியான பெர்செபாயாவின் ரசிகர்களுக்கு அனுமதியே இல்லை, கேலரி முழுக்க அரேமா அணியின் சொந்த ரசிகர்கள். தோற்ற ஆத்திரத்தில் சிலர் களத்தில் இறங்க, காவல்துறை கேலரியை நோக்கிக் கண்ணீர்ப் புகைக் குண்டு வீச, குறுகிய வாசல்களில் மக்கள் மிதிபட்டும் மூச்சுத் திணறியும் செத்தார்கள். ரசிகன் கெட்டவன் என்று சொல்லிவிட்டு வாசலைப் பற்றிப் பேசாமல் போவது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. வாசல் அகலமாகத் திறந்திருந்தால், படிக்கட்டு காலியாக வைக்கப்பட்டிருந்தால், ரசிகர்களின் மொழி பேசும் நாலு பேர் வழிகாட்ட நின்றிருந்தால், கல் எறிகிற பத்துப் பேரால் பத்தாயிரம் பேரின் உயிருக்கு ஆபத்து வராது.

அந்தப் பத்துப் பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை அடக்குவதில் காவலரைவிட வல்லவர்கள் அதே கேலரியின் மூத்த ரசிகர்கள்தான். முரசு அடிப்பவர், கொடி பிடிப்பவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிற அண்ணன்கள். ஒரு முறை எங்கள் பகுதியில் ஒருவன் எதிரணி ஆட்டக்காரரின் தாயைப் பற்றிக் கெட்ட வார்த்தையில் கத்தினான். முரசடிப்பவர் முரசை நிறுத்தினார். "பின்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசு" என்றார். குரலை உயர்த்தவில்லை. கத்தினவன் அடங்கிவிட்டான். அப்படிப்பட்டவர் யார் என்று முதலிலேயே பார்த்து, அவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். நாமே போய் எதிர்க்க வேண்டியதில்லை. சிரிக்காமல் இருந்தாலே போதும். கெட்ட பேச்சுக்குச் சுற்றியுள்ளவர்களின் சிரிப்பு கிடைக்காவிட்டால் பாதி உயிர் போய்விடுகிறது.

2023 ஆகஸ்ட் 12 டியூராண்ட் கோப்பை டெர்பியை எப்படி மறப்பேன்? ஈஸ்ட் பெங்கால் நாலரை ஆண்டுகளாக டெர்பியில் ஜெயித்ததே இல்லை. நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வலப் பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடக்காலால் அடித்தார், 1-0. என்னைச் சுற்றி வளர்ந்த ஆண்கள் தேம்பி அழுதார்கள். நான் தமிழச்சி என்று தெரிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், என்னவோ நான்தான் அவருக்குப் பந்தைக் கடத்தியது போல. மறுநாள் காலை வீட்டு உரிமையாளர் கடுகு அரைத்து வைத்த இலிஷ் குழம்பை எங்களுக்கு அனுப்பினார். கீழ்த்தளத்துக்கும் ஒரு கிண்ணம் போனது. அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் பத்துப் பேரோடு ஆடி மோகன் பாகன் ஜெயித்தது. அன்று கீழிருந்து இறால் வந்தது. வெறுப்பில்லாத பகைமை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கிண்ணங்களைத்தான் சொல்வேன்.

அடுத்த ஆண்டு, 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய டெர்பி ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதால் நகரமே தெருவில் இருந்த நாட்கள். ஆட்டம் இல்லாத அந்த மாலையில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்று அணி ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே மழையோடு மழையாகத் திரண்டார்கள். இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று முழக்கமிட்டார்கள். மோகன் பாகன் அணித்தலைவர் சுபாசிஷ் போஸ் மனைவியோடு வந்து நின்றார். தடியடி நடந்தபோது எதிரணிச் சட்டைக்காரனை இழுத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். இந்த ரசிகர்கள் கட்டுப்பாடு தெரியாத கும்பல் என்று இனி யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு. என் மகனை முதலில் மைதான் பகுதியில் இருக்கும் மன்றத்தின் சொந்தத் திடலுக்கு, சிறிய லீக் ஆட்டங்களுக்கு அழைத்துப் போனேன். கூட்டம் குறைவு, ஆட்டக்காரர்களின் குரலே கேட்கும். தானாகப் படி ஏறி இறங்கவும், என் கையை விட்டால் சொன்ன இடத்தில் வந்து நிற்கவும் பழகிய பிறகே டெர்பி. சட்டைப் பையில் என் எண் எழுதிய தாள். தோளில் தூக்கிக்கொண்டு போகும் வயதில் டெர்பி வேண்டாம், நெரிசலில் உங்கள் இரண்டு கைகளும் உங்களுக்குத் தேவைப்படும். முதல் டெர்பிக்கு முன் அவனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். அணியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கத்து, யாருடைய பாட்டி எங்கிருந்து வந்தாள் என்று மட்டும் உன் வாயில் வரக் கூடாது. அவன் இப்போது மோகன் பாகன் ரசிகன். கீழ்த்தளத்துப் பையன்களோடு அந்தப் பக்கத்துக் கேலரிக்குப் போகிறான். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து மெட்ரோ நிலையத்தின் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் சந்தித்து ஒன்றாக வீடு திரும்புகிறோம்.